எழுபத்தைந்து வயதில் கீமோ: கொடுப்பதா, விடுவதா, கொடுத்தால் எதை?

முற்றிய நுரையீரல் புற்றுநோய் என்று உறுதியானதும், நோயாளிக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தால், வீட்டில் இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். "இந்த வயசுல கீமோவா? உடம்பு தாங்காது, விட்டுடலாம்" என்பது ஒரு கட்சி. "மருந்து இருக்கும்போது கொடுக்காம விடுறதா? மனசு கேக்குமா?" என்பது இன்னொன்று. இரண்டும் பாசத்தில் பிறந்தவைதான். ஆனால் இரண்டுமே கீமோவை ஒரே ஒரு பொருளாக நினைத்துக்கொண்டு பேசுகின்றன. வாரம் ஒரு மருந்தாக மெதுவாக ஏற்றுவதும், இரண்டு மருந்துகளைச் சேர்த்து ஏற்றுவதும் உடம்புக்கு ஒன்றல்ல. கீமோவே இல்லாத வழிகளும் இப்போது இரண்டு மூன்று இருக்கின்றன. எழுபத்தெட்டு வயதில் தினமும் காலையில் நடந்துபோய் வருகிறவர் இருக்கிறார். அறுபத்தெட்டு வயதில் கட்டிலை விட்டு இறங்க ஆள் வேண்டியவரும் இருக்கிறார்.

எடைபோடத் தொடங்கும் முன் ஒன்றை ஒளிக்காமல் பேசிவிட வேண்டும். நான்காம் நிலையில், அதாவது நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவிவிட்ட கட்டத்தில், கீமோ நோயைக் குணப்படுத்தாது. அது தருவது கூடுதல் காலம், சில வேளை குறைந்த இருமல், குறைந்த மூச்சுத்திணறல். இது மருத்துவர்களுக்குத் தெரியும். நோயாளிகளுக்குப் போய்ச் சேருவதில்லை. 2012இல் அமெரிக்காவில் முற்றிய புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்ட 1,193 பேரிடம் கேட்ட ஆய்வில், நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களில் 69 சதவீதம் பேர், அந்தக் கீமோ தங்களைக் குணப்படுத்த வாய்ப்பில்லை என்பதைப் புரிந்துகொண்டிருக்கவில்லை. குணமாகும் என்று நம்புகிற ஒருவர் எந்தப் பக்க விளைவையும் ஏற்றுக்கொள்வார். நான்கு மாதம் கூடக் கிடைக்கலாம் என்று தெரிந்தவர் வேறு விதமாக யோசிப்பார். எந்தத் தகவலை வைத்து ஒருவர் சம்மதித்தார் என்று பார்க்காமல் அவருடைய சம்மதத்தை மட்டும் வாங்கிக்கொள்வது நியாயமில்லை.

இந்தக் கட்டுரை பெரும்பாலும் 'சிறு செல் அல்லாத' வகையைப் பற்றியது. நுரையீரல் புற்றுநோய்களில் ஏறக்குறைய 85 சதவீதம் அதுதான். சிறு செல் வகையின் கணக்கே வேறு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ரிப்போர்ட் வரட்டும்

கீமோவா வேண்டாமா என்ற விவாதம் பல வீடுகளில் ஒரு வாரம் முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. பயாப்ஸியில் புற்றுநோய் என்று வந்தால் மட்டும் போதாது. அந்தத் திசுவில் ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே போன்ற மரபணு மாற்றங்கள் உண்டா, பிடி-எல்1 என்ற புரதம் எத்தனை சதவீத செல்களில் இருக்கிறது என்ற இரண்டு விவரங்களும் வந்த பிறகுதான் எந்தெந்த வழி திறந்திருக்கிறது என்றே தெரியும். திசு போதவில்லை என்றால் ரத்தத்திலிருந்தே மரபணு மாற்றத்தைத் தேடும் சோதனையும் இருக்கிறது. வயதானவருக்கு இன்னொரு முறை ஊசி குத்தத் தயங்கும் குடும்பங்கள் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

ஈஜிஎஃப்ஆர் மாற்றம் இருந்துவிட்டால் விவாதமே மாறிவிடும். அப்போது முதல் மருந்து பெரும்பாலும் தினம் ஒரு மாத்திரை. ஓசிமெர்டினிப் அப்படிப்பட்டது. முகத்திலும் மார்பிலும் பரு போன்ற தடிப்பு, வயிற்றுப்போக்கு, நகக்கண் புண் என்று அதற்கும் தொல்லைகள் உண்டு. அரிதாக நுரையீரல் அழற்சியும் வரலாம். ஆனால் முடி கொட்டி, வெள்ளையணு சரிந்து, காய்ச்சலோடு வார்டில் படுக்கும் கதை அல்ல அது. 2009இல் வெளிவந்த ஒரு ஜப்பானிய ஆய்வு சிறியது, மொத்தமே முப்பது பேர். உடல்நிலை மோசமாக இருந்ததால் கீமோவுக்குத் தகுதியில்லை என்று கழிக்கப்பட்டவர்கள், ஆனால் மரபணு மாற்றம் உள்ளவர்கள். அவர்களுக்கு ஜெஃபிடினிப் மாத்திரை கொடுத்தார்கள். பகலில் பாதிக்கு மேல் படுக்கையிலேயே கிடந்த 22 பேரில் 15 பேர் எழுந்து நடமாடி வேலைகளைச் செய்யும் நிலைக்கு வந்தார்கள். ஆகவே "ரொம்பப் பலவீனமா இருக்கார், டெஸ்ட் எடுத்து என்ன ஆகப்போகுது" என்ற பேச்சை நான் ஒப்புக்கொள்வதில்லை. பலவீனமானவருக்குத்தான் இந்தச் சோதனை அதிகம் தேவை.

மூச்சுக்குழாய் அடைபடுகிறது, நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துக்கொண்டே இருக்கிறது போன்ற அவசரம் இருந்தால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க முடியாமல் போகலாம். மற்றபடி ஓரிரு வாரக் காத்திருப்பு பெரும்பாலும் நட்டமில்லை.

மரபணு மாற்றம் எதுவும் இல்லை என்று வந்தால்தான் உண்மையான ஒப்பீடு தொடங்குகிறது.

கீமோ வேண்டாம் என்றால் என்ன கிடைக்கும்

"சும்மா விட்டுவிடுவது" என்று ஒரு வழியே கிடையாது. கீமோ இல்லாமல் நோய்த்தணிப்புச் சிகிச்சை மட்டும் என்பதுதான் சரியான பெயர். அதில் செய்ய நிறைய இருக்கிறது. மார்புக்கூட்டில் நீர் கோத்தால் வடித்துவிடலாம். திரும்பத் திரும்பக் கோத்தால் வீட்டிலேயே வடிக்கும்படி ஒரு மெல்லிய குழாயை உள்ளே வைத்துவிடலாம். எலும்பில் பரவி வலித்தால் ஒரே ஒரு முறை கொடுக்கும் கதிர்வீச்சு பலருக்கு வலியைக் குறைக்கும். மூச்சுத்திணறலுக்குக் குறைந்த அளவு மார்ஃபின் உதவும். மார்ஃபின் என்றதும் "கடைசிக் கட்டம் வந்துடுச்சா" என்று பயப்பட வேண்டியதில்லை. ஆக்சிஜன் சிலிண்டரைப் பற்றி ஒரு விஷயம்: ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு சரியாக இருக்கும்போது, மூக்கில் குழாய் வைத்து ஆக்சிஜன் கொடுப்பதும் வெறும் காற்றைக் கொடுப்பதும் திணறலைப் பொறுத்தவரை ஒன்றுதான் என்று 2010இல் ஒரு ஆய்வு காட்டியது. முகத்துக்கு நேரே பிடிக்கும் சிறிய கைவிசிறி அதைவிடப் பயன் தருவதுண்டு.

இந்த வழியின் குறையையும் மறைக்கக் கூடாது. நோயைக் கட்டுப்படுத்த எதுவும் செய்யாததால் நோய் தன் வேகத்தில் போகும். 1999இல் வெளிவந்த இத்தாலியின் எல்விஸ் ஆய்வில், எழுபதும் அதற்கு மேலும் வயதானவர்களில் ஒரு பாதிக்கு ஆதரவுச் சிகிச்சை மட்டும், மறு பாதிக்கு அதோடு வினோரெல்பின் என்ற ஒற்றைக் கீமோ மருந்து. ஆதரவுச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப்பேர் தாண்டிய காலம்) 21 வாரம். மருந்து பெற்றவர்களுக்கு 28 வாரம். ஒரு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 14 சதவீதமும் 32 சதவீதமும். வாழ்க்கைத் தரத்தைக் கேள்வித்தாள் வைத்து அளந்தபோது, மருந்து வாங்கியவர்களுக்கு மலச்சிக்கலும் நரம்புத் தொல்லையும் அதிகம். ஆனால் வலியும் மூச்சுத்திணறலும் குறைவு. வயதானவருக்கு கீமோ கொடுத்தால் துன்பம்தான் மிச்சம் என்ற பொதுக்கருத்தை முதலில் அசைத்தது இந்த ஆய்வு.

இதில் இன்னொரு சிக்கல், நோய்த்தணிப்பைக் கீமோவுக்கு எதிராக நிறுத்துவது. 2010இல் பாஸ்டனில் 151 பேரை வைத்து நடந்த ஆய்வில், எல்லோருக்கும் வழக்கமான புற்றுநோய்ச் சிகிச்சை உண்டு. பாதிப்பேருக்கு நோய் தெரிந்த சில வாரங்களிலேயே நோய்த்தணிப்புக் குழுவையும் சேர்த்துவிட்டார்கள். அந்தப் பாதிப்பேருக்கு மனச்சோர்வு குறைந்தது, வாழ்க்கைத் தரம் கூடியது, இறுதிக்காலத்தில் ஆக்ரோஷமான சிகிச்சை குறைந்தது. இடைநிலை ஆயுளும் 8.9 மாதத்துக்குப் பதில் 11.6 மாதம். எனவே எந்த வழியைத் தேர்ந்தாலும் இது கூடவே வர வேண்டும்.

ஒரு மருந்தா, இரண்டா

எல்விஸ் ஆய்வுக்குப் பிறகு பல வருடங்கள் முதியவருக்கு ஒற்றை மருந்து என்பதே வழக்கமாக இருந்தது. வினோரெல்பின் அல்லது ஜெம்சிடபின். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் கூடுதல் பலன் உண்டா என்று சுமார் 700 பேரிடம் சோதித்த மைல்ஸ் ஆய்வு 2003இல் வந்தது. பலன் கூடவில்லை, தொல்லைதான் கூடியது. அத்தோடு 'முதியவர் என்றால் ஒன்று போதும்' என்று கதவு மூடப்பட்டதாகத்தான் பலரும் நினைத்தார்கள்.

2011இல் பிரான்சிலிருந்து வந்த ஆய்வு அந்தக் கதவைத் திறந்தது. 70 முதல் 89 வயது வரை 451 பேர். ஒரு பாதிக்கு ஒற்றை மருந்து. மறு பாதிக்குக் கார்போபிளாட்டின் நான்கு வாரத்துக்கு ஒரு முறை, பக்ளிடாக்சல் சிறு டோஸ்களாக வாரா வாரம் மூன்று வாரம், பிறகு ஒரு வாரம் ஓய்வு. இடைநிலை ஆயுள் ஒற்றை மருந்தில் 6.2 மாதம், இரட்டை மருந்தில் 10.3 மாதம்.

இந்த எண்ணை வைத்துக்கொண்டு "நாலு மாசம் கூடக் கிடைக்கும்" என்று சொல்வது தவறு. இடைநிலை என்பது பாதிப்பேர் அதற்கு முன், பாதிப்பேர் அதற்குப் பின் என்ற கோடு மட்டுமே. நான்கு மாதத்தை ஆளுக்குச் சமமாகப் பங்கிட்டுக் கொடுக்கவில்லை. நூறு பேராக எண்ணினால் தெளிவாகத் தெரியும். ஒற்றை மருந்து வாங்கிய நூறு பேரில் ஒரு வருடம் தாண்டியவர்கள் சுமார் 25. இரட்டை மருந்தில் சுமார் 45. ஆக இருபது பேருக்கு இரண்டாவது மருந்து பெரிய வித்தியாசத்தை உண்டாக்கியிருக்கிறது. மற்றவர்கள் பலருக்கும் அது அந்த ஒரு வருடக் கணக்கை மாற்றவில்லை. இன்னொரு பக்கம், வெள்ளையணு ஆபத்தான அளவுக்குச் சரிந்தவர்கள் ஒற்றை மருந்தில் 12 பேர், இரட்டையில் 48 பேர். மருந்தினாலேயே இறந்தவர்கள் நூற்றுக்கு 1.3 பேரும் 4.4 பேரும். இந்தக் கடைசி எண்ணைச் சொல்லாமல் முதல் எண்ணை மட்டும் சொல்கிற எந்த ஆலோசனையும் அரைகுறைதான்.

இரட்டை மருந்து என்றால் நடைமுறையில் என்ன? காலையில் ரத்தம் எடுப்பார்கள். வெள்ளையணுவும் பிளேட்லெட்டும் போதுமான அளவு இருந்தால்தான் அன்றைக்கு மருந்து. இல்லையென்றால் திரும்பி வர வேண்டும், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று. மருந்து உண்டு என்றால் முதலில் வாந்தி தடுப்பு, ஒவ்வாமை தடுப்பு, ஸ்டீராய்டு. சர்க்கரை நோயாளிக்கு அந்த ஸ்டீராய்டினாலேயே ஓரிரு நாள் சர்க்கரை எகிறும். பிறகு பக்ளிடாக்சல் ஒரு மணி நேரம், கார்போபிளாட்டின் இன்னும் அரை மணி, ஒரு மணி. அன்றைக்குப் பெரும்பாலும் தெம்பாகவே இருப்பார்கள், ஸ்டீராய்டு புண்ணியத்தில். மூன்றாம் நாள் வாக்கில்தான் சோர்வு அடிக்கும். வாய் கசக்கும், சாப்பாடு இறங்காது. சில வாரங்களில் முடி போகும். விரல் நுனிகள் மரத்துப்போகத் தொடங்கும். சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, செருப்பு காலிலிருந்து நழுவுவது தெரியவில்லை என்று சொல்வார்கள். இளையவருக்கு அது எரிச்சல். ஏற்கெனவே தடுமாறுகிற முதியவருக்கு அது இடுப்பெலும்பு முறிவில் போய் முடியலாம்.

வெள்ளையணு சரிந்திருக்கும் நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால், பாராசிட்டமால் போட்டுக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனை. முதியவர்களிடம் இன்னொரு கண்ணி உண்டு: தொற்று முற்றியிருந்தும் காய்ச்சலே ஏறாமல் இருக்கலாம். திடீரென்று பேச்சு குழறுவது, சம்பந்தமில்லாமல் பேசுவது, நாள் முழுக்கத் தூங்குவது, எழுந்து நிற்க முடியாமல் போவது இவைதான் அங்கே அறிகுறி. "வயசானவங்க, அப்படித்தான் இருப்பாங்க" என்று விட்டுவிடும் ஒரு இரவு போதும், காரியம் கெட.

பிளாட்டின மருந்துகளில் சிஸ்பிளாட்டினா கார்போபிளாட்டினா என்பதில் எனக்குக் குழப்பமில்லை. சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தையும் காதையும் நரம்பையும் தாக்கும். லிட்டர் கணக்கில் திரவம் ஏற்ற வேண்டும், பலவீனமான இதயத்துக்கு அதுவே பாரம். எழுபதைத் தாண்டியவர்களுக்கு ஒற்றை மருந்தோடு சிஸ்பிளாட்டினைச் சேர்த்துப் பார்த்த மைல்ஸ்-3, மைல்ஸ்-4 ஆய்வுகளின் கூட்டு முடிவு 2018இல் வந்தது. ஆயுளில் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. கார்போபிளாட்டினின் டோஸை உடல் எடையை வைத்துப் போடாமல் சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தை வைத்துப் போடுவார்கள். இங்கே ஒரு சின்ன விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தசை வற்றிய முதியவருக்குக் கிரியாட்டினின் ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்றே வரும், ஆனால் சிறுநீரகம் பாதி வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கும். வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்கிட்ட எண்ணைத்தான் கேட்க வேண்டும். பெமெட்ரெக்செட் என்ற மருந்துக்கும் இது பொருந்தும். அந்த எண் 45க்குக் கீழே போனால் அதைக் கொடுப்பதில்லை. முடி அதிகம் கொட்டாது, முதியவர்கள் ஓரளவு நன்றாகவே தாங்குவார்கள், ஆனால் 'சிறு செல் அல்லாத' புற்றுநோயின் ஒரு பிரிவான செதிள் செல் வகைக்குப் பயன்படாது. ஃபோலிக் அமில மாத்திரையும் பி12 ஊசியும் கூடவே வேண்டும்.

இம்யூனோதெரபி வந்த பிறகு

பழைய ஒப்பீடு முழுவதையும் இது குலைத்துப்போட்டது. உடலின் நோய் எதிர்ப்புச் செல்களுக்கு மாட்டியிருக்கும் பூட்டைத் திறந்துவிடும் மருந்துகள் இவை. பிடி-எல்1 அளவு 50 சதவீதமோ அதற்கு மேலோ உள்ளவர்களிடம் நடந்த கீநோட்-024 ஆய்வில், ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தை எடுத்தவர்களில் ஏறக்குறைய 32 சதவீதம், கீமோவில் தொடங்கியவர்களில் 16 சதவீதம். நான்காம் நிலை நுரையீரல் புற்றுநோயில் ஐந்து வருடம் என்பது அதற்கு முன் பேச்சிலேயே இல்லாத எண். அதில் சேர்ந்தவர்கள் நல்ல உடல்நிலையில் இருந்தவர்கள், பலர் எழுபதுக்குக் கீழே என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நம் கேள்விக்கு நேரடியான விடை 2023இல் வெளிவந்த இப்சோஸ் ஆய்வில் இருக்கிறது. பிளாட்டின மருந்து தாங்க மாட்டார்கள் என்று கழிக்கப்பட்ட 453 பேர். இடைநிலை வயது 75. பெரும்பாலோர் நாளின் கணிசமான பகுதியைப் படுத்தே கழித்தவர்கள். வழக்கமாக ஆய்வுகள் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும் மனிதர்கள் இவர்கள். ஒரு பிரிவுக்கு அட்டெசோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து, மறு பிரிவுக்கு ஒற்றைக் கீமோ. இடைநிலை ஆயுளைப் பார்த்தால் 10.3 மாதம், 9.2 மாதம், பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்களைப் பார்த்தால் 24 சதவீதம், 12 சதவீதம். மருந்தால் வந்த கடுமையான பக்க விளைவு 16 சதவீதம், 33 சதவீதம். அதாவது பலருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், ஒரு சிறு கூட்டத்துக்கு மட்டும் நீண்ட காலம் வேலை செய்கிறது, தொல்லை பாதி. ஒற்றைக் கீமோ மட்டுமே சாத்தியம் என்று சொல்லப்பட்டவருக்கு, இந்த மருந்து கைக்கெட்டும் என்றால், இதுவே முதலில் யோசிக்க வேண்டியது என்பது என் எண்ணம்.

கைக்கெட்டும் என்றால் என்று சொன்னது காரணமாகத்தான். விலை இந்த மருந்துகளின் பெரிய சுமை. வீட்டை விற்றுக் கட்ட வேண்டிய மருந்துக்கும் காப்பீடு கட்டிவிடும் மருந்துக்கும் ஒரே அறிவுரை சொல்ல முடியாது.

பக்க விளைவு குறைவு என்றால் இல்லை என்றாகாது. பூட்டு திறந்த எதிர்ப்புச் சக்தி சொந்த உறுப்புகளையே தாக்கலாம்: தைராய்டு, குடல், கல்லீரல், தோல். எல்லாவற்றிலும் பயப்பட வேண்டியது நுரையீரல் அழற்சி. புகைப்பழக்கத்தால் ஏற்கெனவே பாதி கெட்ட நுரையீரல் உள்ளவருக்கு அது உயிருக்கே ஆபத்து. புதிய இருமலோ மூச்சுத்திணறலோ வந்தால் "கேன்சர்தான் கூடுது" என்று முடிவு கட்டிவிடாமல் ஸ்கேன் பார்க்க வேண்டும்; அழற்சி என்றால் ஸ்டீராய்டுக்குக் கேட்கும். இன்னொன்று, இந்த மருந்து வேலை செய்ய வாரங்கள் ஆகலாம். கட்டி பெரிதாகி மூச்சுக்குழாயை நெருக்குகிற அவசரத்தில் கீமோதான் விரைவு.

இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது இளையவர்களிடம் இன்று பரவலான முறை. எழுபத்தைந்துக்கு மேல் அதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஜப்பானில் அந்த வயதினரின் சிகிச்சைப் பதிவுகளைத் திரட்டிப் பார்த்தபோது, பிடி-எல்1 உள்ளவர்களில் கீமோவும் சேர்த்துப் பெற்றவர்கள் இம்யூனோதெரபி மட்டும் பெற்றவர்களைவிட நீண்ட நாள் வாழவில்லை. கடுமையான நுரையீரல் அழற்சியும் சிகிச்சையைப் பாதியில் விட்டதும் அவர்களிடம் அதிகம். பதிவுகளைப் பின்னோக்கிப் பார்த்த ஆய்வு என்பதால் அதுவே கடைசித் தீர்ப்பு அல்ல. பிடி-எல்1 அறவே இல்லாத, உடல் தெம்புள்ள முதியவருக்குச் சேர்த்துக் கொடுப்பதில் நியாயம் இருக்கவே செய்கிறது.

யார் தாங்குவார் என்று எப்படித் தெரியும்

மருத்துவர் அறைக்குள் நுழையும்போது முதியவர் சுத்தமாக உடுத்தி, தலைவாரி, தன் சக்தியை எல்லாம் திரட்டி நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். பத்து நிமிடம் தாக்குப்பிடிப்பார். வீட்டில் எப்படி இருக்கிறார் என்பது அங்கே தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகளோ மருமகனோ "நல்லாத்தான் இருக்கார் டாக்டர்" என்று சொல்லிவிட்டால், இரட்டை மருந்துக்குச் சீட்டு எழுதப்பட்டுவிடும்.

புற்றுநோய் மருத்துவத்தில் பரவலாக உள்ள ஈகாக் அளவுகோல் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை போகும்: முழுத் தெம்பு பூஜ்யம், பகலில் பாதிக்கு மேல் படுக்கையில் என்றால் மூன்று, முழுக்கப் படுக்கை என்றால் நான்கு. எளிது, ஆனால் முதியவருக்குப் போதாது. அமெரிக்காவில் 65க்கு மேற்பட்ட 500 பேரைத் தொடர்ந்து 2011இல் உருவாக்கிய கார்க் மதிப்பெண்ணில் வேறு விதமான கேள்விகள்: ஆறு மாதத்தில் கீழே விழுந்தாரா, மாத்திரைகளைத் தானே எடுத்துப் போடுகிறாரா, ஒரு தெரு தூரம் நடக்க முடிகிறதா, உடம்பு முடியாமல் மனிதர்களைப் பார்ப்பது குறைந்துவிட்டதா, காது எப்படிக் கேட்கிறது. காதுக்கும் கீமோவுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் கணக்கில் அது நிற்கிறது. இவற்றோடு ரத்த அளவு, சிறுநீரகம், மருந்துகளின் எண்ணிக்கை எல்லாம் சேர்த்து மதிப்பெண் போடுவார்கள். குறைந்த மதிப்பெண் உள்ளவர்களில் 30 சதவீதம் பேருக்குக் கடுமையான பக்க விளைவு. உயர்ந்த மதிப்பெண்ணில் 83 சதவீதம். வயதை மட்டும் வைத்து இப்படிப் பிரித்துவிட முடியாது.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒன்று இருக்கிறது. கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்கார வைத்து, எழுந்து மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லிக் கடிகாரத்தைப் பாருங்கள். பன்னிரண்டு விநாடிக்கு மேல் ஆனால் விழும் ஆபத்து அதிகம் என்று எடுத்துக்கொள்ளலாம். நேரத்தைவிட, எழும்போது கைப்பிடியை எப்படிப் பற்றுகிறார், திரும்பும்போது கால் எப்படி வைக்கிறார் என்பதே அதிகம் சொல்லிவிடும். அதை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இப்படி முழுமையாக மதிப்பிட்டுச் சிகிச்சையைத் தீர்மானித்தால் ஆயுள் கூடுமா? பிரான்சும் ஸ்பெயினும் சேர்ந்து 494 பேரிடம் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில் ஆயுள் கூடவில்லை: வழக்கமான பிரிவில் 6.4 மாதம், மதிப்பிட்டுக் கொடுத்த பிரிவில் 6.1 மாதம். ஆனால் மதிப்பிட்டுக் கொடுத்த பிரிவில் நான்கில் ஒரு பங்கினருக்குக் கீமோவே கொடுக்கவில்லை. அப்படியும் ஆயுள் குறையவில்லை, தொல்லை குறைந்தது. அமெரிக்காவில் பலவகைப் புற்றுநோய் உள்ள 718 முதியவர்களிடம் நடந்து 2021இல் வந்த ஆய்விலும் இதே போக்கு: மதிப்பீட்டு விவரம் மருத்துவர் கைக்குப் போனபோது கடுமையான பக்க விளைவு 71 சதவீதத்திலிருந்து 51 ஆகக் குறைந்தது, ஒரு வருட ஆயுளில் வித்தியாசமில்லை. பல மருத்துவர்கள் முதல் டோஸையே குறைத்துத் தொடங்கியிருந்தார்கள். அவ்வளவுதான் ரகசியம்.

அவருக்கு என்ன வேண்டும்

"அவர்கிட்ட எதுவும் சொல்லாதீங்க, நாங்க பாத்துக்குறோம்" என்று அறைக்கு வெளியே மருத்துவரை மறித்துச் சொல்லும் குடும்பங்களின் தவிப்பு புரிகிறது. ஆனால் இந்த முடிவை அவரைக் கேட்காமல் எடுக்கவே முடியாது. ஏனென்றால் ஆயுளையும் அதன் தரத்தையும் எந்த விகிதத்தில் மாற்றிக்கொள்வது என்பது அவருடைய கணக்கு. 2002இல் அறுபது வயதும் அதற்கு மேலுமான, கடும் நோயுள்ள 226 பேரிடம் கேட்டார்கள்: சிகிச்சை எடுத்தால் பிழைப்பீர்கள், ஆனால் எல்லாவற்றுக்கும் பிறரை எதிர்பார்க்க வேண்டும் என்றால் எடுப்பீர்களா? முக்கால்வாசிப் பேர் மறுத்தார்கள். நினைவு போய்விடும் என்றால்? ஏறக்குறைய 89 சதவீதம் பேர் மறுத்தார்கள். நாம் அவர்களுக்காக முடிவெடுக்கும்போது இறப்பைத்தான் பெரிய பயமாக வைக்கிறோம். அவர்களுடைய பெரிய பயம் வேறாக இருக்கலாம்.

"கீமோ வேணுமா வேண்டாமா" என்று கேட்டால் "நீங்க சொல்றபடி" என்றுதான் பதில் வரும். வேறு விதமாகக் கேளுங்கள். அடுத்த ஆறு மாதத்தில் எதைப் பார்க்க, எங்கே இருக்க ஆசை? எது நடந்தால் தாங்க முடியாது? பேத்தியின் பிரசவம் வரை எப்படியாவது இருந்துவிட வேண்டும் என்று சொல்கிறவருக்கு இரட்டை மருந்தில் நூற்றுக்கு நாற்பத்தைந்து பேர் ஒரு வருடம் தாண்டினார்கள் என்ற எண் வெளிச்சமாகத் தெரியும். வாரா வாரம் ஊசி, ரத்தப் பரிசோதனை, காத்திருப்பு என்று மிச்சக் காலத்தைக் கழிக்கப் பிடிக்காதவருக்கு அதே எண் ஒன்றுமேயில்லை.

என் தேர்வு எப்படி இருக்கும்

மரபணு மாற்றம் இருந்தால் மாத்திரை, உடல்நிலை எவ்வளவு மோசமாக இருந்தாலும். மாற்றம் இல்லை, பிடி-எல்1 ஐம்பதுக்கு மேல் என்றால் இம்யூனோதெரபி மட்டும். ஐம்பதுக்குக் கீழே, நடமாட்டம் நன்றாக, சிறுநீரகமும் மனத்தெளிவும் சரியாக இருந்தால் கார்போபிளாட்டினோடு இன்னொரு மருந்து. அதையும் முதல் சுழற்சியில் (மருந்தும் ஓய்வும் சேர்ந்த ஒரு சுற்று) குறைந்த டோஸில் தொடங்கிக் கூட்டுவது. தெம்பு பாதிதான் என்றால் இம்யூனோதெரபி, அது முடியாவிட்டால் ஒற்றைக் கீமோ. பெரும்பாலும் படுக்கையில், எடை இறங்கிக்கொண்டே போகிறது, மரபணு மாற்றமும் இல்லை என்றால் கீமோவைத் தொடாமல் நோய்த்தணிப்பு மட்டும். கடைசியில் சொன்னதை மருத்துவரே தயங்கித் தயங்கித்தான் சொல்வார். அவர் சொல்லாமல் இருந்தால் நாம் கேட்க வேண்டும். உங்கள் நோயாளியின் இதயம், சிறுநீரகம், மற்ற மருந்துகள் எல்லாம் பார்த்த மருத்துவர் இதில் எதையும் மாற்றிச் சொல்லலாம். ஏன் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

சிறு செல் வகைக்கு இந்த வரிசை பொருந்தாது. அது வேகமாகப் பரவும். சிகிச்சையில்லாமல் விட்டால் சில மாதங்களே. ஆனால் கீமோவுக்கு விரைவாகக் கரையும். நோயின் வேகத்தாலேயே படுத்துவிட்ட முதியவர், கார்போபிளாட்டினும் எட்டோபோசைடும் கொடுத்த இரண்டே வாரத்தில் எழுந்து உட்காருவதுண்டு. அங்கே பலவீனம் மட்டுமே கீமோவை மறுக்கக் காரணமாகாது.

எந்த வழியானாலும், தொடங்கும் நாளிலேயே நிறுத்தும் நிபந்தனையையும் பேசிவிடுவது நல்லது. கீமோ என்றால் இரண்டு அல்லது மூன்று சுழற்சிக்குப் பின் ஸ்கேன். கட்டி வளர்ந்திருந்தால் அந்த மருந்து அத்தோடு சரி. கட்டி குறைந்திருந்தும் மனிதர் படுக்கையில் விழுந்திருந்தால், அங்கேயும் இடைவெளி விட்டு யோசிக்க வேண்டும். பிளாட்டின மருந்து பொதுவாக நான்கு, அதிகம் போனால் ஆறு சுழற்சி; "நல்லா கேக்குது, இன்னும் ரெண்டு போடலாமா" என்பதற்கு முதியவரிடம் ஆதாரமில்லை. வாழ்வின் இறுதி மாதங்களில் கொடுத்த கீமோவைப் பற்றி 2015இல் வந்த ஆய்வில், நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர்களுக்கே அது கடைசி வாரத்தை மோசமாக்கியிருந்தது. ஏற்கெனவே நலிந்தவர்களுக்கு அதனால் நன்மை எதுவும் தெரியவில்லை. நிறுத்துவது என்று முடிவானால் அந்தச் சந்திப்பிலேயே சில விஷயங்களைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: இரவு இரண்டு மணிக்கு மூச்சு வாங்கினால் எந்த எண்ணுக்கு அழைப்பது, வீட்டில் மார்ஃபின் எவ்வளவு வைத்திருப்பது, யார் எந்த அளவில் கொடுப்பது, ரத்தம் உறையாமல் இருக்கவும் பிரஷருக்கும் போட்டுவரும் பழைய மாத்திரைகளில் எதை இனி விட்டுவிடலாம்.